சருகு உதிரும் முன்னே: காட்டோர நிலங்களில் தீயையும் அந்நிய ஊடுருவிகளையும் தடுக்கும் முறை

மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழகச் சரிவில் முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை, பழனி மலை, மேகமலை என்று எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும், காப்புக்காட்டின் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு காபித் தோட்டமோ, மானாவாரி நிலமோ, பழங்குடிக் குடியிருப்போ இருக்கும். நம் நாட்டில் காட்டுத்தீயில் பெரும்பாலானவை மனிதர்களால் ஏற்படுபவை. அவற்றில் பல இந்த எல்லையை ஒட்டித்தான் தொடங்குகின்றன. அந்நியச் செடிகளும் பூச்சிகளும் காட்டுக்குள் நுழைவதும் பெரும்பாலும் நம் வேலியோரம், வண்டிப்பாதை, நாற்றுப் பை, விறகுக் கட்டு ஆகியவற்றின் வழியாகத்தான். எல்லையில் நிலம் வைத்திருப்பவர்களும், வனக்குழுவில் இருப்பவர்களும், தோட்டங்களை மேற்பார்வை செய்பவர்களும் ஆண்டு முழுவதும் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

தீத்தடுப்பு ஒரு வேலை, களையும் பூச்சியும் வேறு வேலை என்று பிரித்துச் செய்வதுதான் வழக்கம். துண்டுப் பிரசுரங்கள்கூடத் தனித்தனியாகவே வருகின்றன. களத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது. உண்ணிச்செடி என்று நாம் சொல்லும் லாண்டானா புதர், தரையில் ஊர்ந்து போக வேண்டிய சருகுத் தீயை ஆள் உயரத்துக்கும், அங்கிருந்து மரக்கிளைக்கும் ஏற்றிவிடும் ஏணி. அந்தத் தீ மரங்களைக் கருக்கி வெளிச்சத்துக்கு வழி திறந்துவிட்டால், அடுத்த மழையில் அந்த இடத்தை முதலில் பிடிப்பதும் அதே உண்ணிதான். எரிந்த தூரிலிருந்தே அது மீண்டும் துளிர்க்கிறது. இன்னொரு முரண்பாடும் உண்டு. நோயுற்ற கிளையை வெட்டிக் கொளுத்திவிடு என்கிறது பூச்சி மேலாண்மைக் குறிப்பு. மாசியில் எதையும் கொளுத்தாதே என்கிறது தீத்தடுப்புக் குறிப்பு. இரண்டையும் ஒருவரே படித்து ஒரே நாட்காட்டியில் பொருத்தினால்தான் வேலை ஓடும். அந்த நாட்காட்டி தீக்காலத்தில் தொடங்குவதில்லை, மழைக்காலத்தில் தொடங்குகிறது.

உண்ணிச்செடியை எடுத்தல்

மண் ஈரமாக இருக்கும் நாட்களே இதற்கு ஏற்றவை. தென்மேற்குப் பருவமழை பெறும் இடங்களில் ஆடி, ஆவணியும், வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் இடங்களில் ஐப்பசி, கார்த்திகையும் பொருத்தமான மாதங்கள். காய் கறுத்துப் பழமாகும் முன் எடுத்துவிட வேண்டும். பழம் பிடித்துவிட்டிருந்தால், கொத்துகளை முதலில் சாக்கில் பறித்துப் போட்டுக்கொண்டு பிறகு செடியில் கை வைக்க வேண்டும். இல்லையெனில் நாமே விதைத்துவிட்டுத் திரும்பியவர்கள் ஆவோம்.

அரிவாளால் முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டு வருவது வீண் கூலி. ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தளிர் வரும். செடியின் அடியில் சருகை விலக்கிப் பார்த்தால், தண்டும் வேரும் சேரும் இடம் கழுத்துப் போலச் சற்றுப் பருத்திருப்பது தெரியும். துளிர்க்கும் மொட்டுகள் உறங்குவது அந்தக் கழுத்தில்தான். மண்வெட்டும் கொத்துக் கருவியின் அலகை மண்ணுக்குள் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில், கழுத்துக்குக் கீழே இறக்கி ஆணிவேரைத் துண்டித்து, தூரோடு தூக்கி, வேர் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். தண்டு ஈரமண்ணில் படிந்து கிடந்தால் கணுவிலிருந்து வேர் விடும் என்பதால்தான் இந்தக் கவிழ்ப்பு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு வகுத்த முறை இது. ரசாயனமோ இயந்திரமோ தேவையில்லை. இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் துறட்டியால் புதரை இழுத்துப் பிடிக்க, மற்றவர் குனிந்து வேரை வெட்டினால் முள் கீறாமல் வேகமாகப் போகலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அடர்ந்த புதர்க்காடு கண்ணை உறுத்துவதால் எல்லோரும் அதில்தான் முதலில் இறங்குகிறார்கள். புல்லும் நாட்டு மரக்கன்றும் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் ஆங்காங்கே தலைகாட்டும் ஒற்றைச் செடிகளை முதலில் எடுத்துவிட்டு, அதன்பின் விளிம்பிலிருந்து அடர்ந்த பகுதியை நோக்கி நகர்வதே சரி. ஓடையோரமாக இருந்தால் மேலிருந்து கீழே வர வேண்டும், ஏனென்றால் விதையைத் தண்ணீர் கீழேதான் கொண்டுபோகும். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மழை முடிந்ததும் திரும்பிவந்து நாற்றுகளைப் பிடுங்க முடியும் என்ற அளவுக்கு மட்டுமே ஓர் ஆண்டில் எடுக்க வேண்டும். பத்து ஏக்கரை ஒரே மூச்சில் எடுத்துவிட்டு மறந்தவரைவிட, இரண்டு ஏக்கரை எடுத்து மூன்று முறை திரும்பிப் பார்த்தவரின் நிலம்தான் சுத்தமாக இருக்கும். திரும்பிப் பார்க்கும்போது கொண்டைக்குருவிகள் அமரும் மரங்களின் அடியை முதலில் பாருங்கள். பழத்தைத் தின்ற பறவை விதையைப் போடும் இடம் அதுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். கரடி, காட்டுப்பன்றி, காட்டுமாடு ஆகியவை பகலில் இந்தப் புதருக்குள் படுத்திருக்கும். ஆகவே சத்தம் கொடுத்துக்கொண்டு, அவை வெளியேற ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு வேலை செய்ய வேண்டும். வெட்டிய தழையை மாட்டுக்குப் போடக் கூடாது. அது ஈரலைக் கெடுக்கும் நஞ்சு.

எடுத்த செடி காய்ந்தபின் எங்கே கிடக்கிறது என்பது தீயைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி. காட்டின் எல்லையோரம் மலைபோல் குவித்துவிட்டு வந்தால் மாசிக்கு வேண்டிய எரிபொருளை நாமே அடுக்கி வைத்ததாக ஆகும். குவியல் தாழ்வாகவும் மரங்களிலிருந்து தள்ளியும் இருக்க வேண்டும். மார்கழிக்குள் மட்கவோ, விறகாகவோ போய்ச் சேர வேண்டும். தண்டு வளையும் தன்மையுடையது என்பதால் நாற்காலி, கூடை செய்வோரும் உண்டு. கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் இந்தத் தண்டுகளைக் கொண்டு செய்த யானை உருவங்கள் 2021இல் லண்டன் பூங்காக்களில் வைக்கப்பட்டன. எல்லோராலும் யானை செய்ய முடியாது. அடுப்புக்கு அனுப்பினாலே போதும்.

வெறுமையான இடத்தை அப்படியே விட்டால் உண்ணிக்குப் பதில் யூபடோரியமோ பார்த்தீனியமோ வரும். அதே மழையில் உள்ளூர்ப் புல் விதையைத் தூவி, அந்தந்தக் காட்டுக்கு உரிய நெல்லி, வேங்கை, தான்றி, நாவல், மூங்கில் போன்றவற்றின் கன்றுகளை ஊன்ற வேண்டும். இவையெல்லாம் பட்டா நிலத்துக்கே பொருந்தும். காப்புக்காட்டுக்குள் ஒரு செடியில் கை வைப்பதானாலும் வனச்சரக அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதியோ, வனக்குழுவின் திட்டமோ வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ்ச் சமூக உரிமை பெற்ற ஊர்களில் காட்டைப் பாதுகாக்கும் அதிகாரம் கிராம சபைக்கு உண்டு. அங்கே தீர்மானம் போட்டுக்கொண்டு இறங்குவது நல்லது.

மஞ்சள் கொன்றையும் சரக்கொன்றையும்

அழகுக்காகவும் நிழலுக்காகவும் கொண்டுவரப்பட்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் மஞ்சள் கொன்றை, முதுமலையிலும் அதை ஒட்டிய வயநாட்டிலும் காட்டை விழுங்கிக்கொண்டிருக்கிறது. 2022இல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. அதையொட்டி முதுமலையிலிருந்து இந்த மரங்கள் வெட்டப்பட்டுத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குக் கூழுக்காக அனுப்பப்படுகின்றன.

தனியார் நிலத்தில் இதை எடுக்க முனைபவர்கள் நம் சரக்கொன்றையை வெட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. ஆர்வமிக்க தன்னார்வலர்களே அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பூவைப் பார்த்தால் குழப்பம் தீரும். சரக்கொன்றையின் பூச்சரம் விளக்குச் சரம்போலக் கீழ்நோக்கித் தொங்கும். மஞ்சள் கொன்றையின் பூங்கொத்து கிளை நுனியில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். பூ இல்லாத காலத்தில் இலையை எண்ணுங்கள். சரக்கொன்றையின் ஒரு காம்பில் அகன்ற சிற்றிலைகள் நான்கு முதல் எட்டு இணைகள் இருக்கும். மஞ்சள் கொன்றையில் சிறிய சிற்றிலைகள் பத்து இணைகளுக்கு மேல் நெருக்கமாக இருக்கும்.

இந்த மரத்தை வெறுமனே வெட்டினால் அடிமரத்திலிருந்து புதராகக் கிளைத்து வரும். இடுப்பு உயரத்திலிருந்து தரைவரை பட்டையைச் சுற்றிலும் மீதமின்றி உரித்துவிட்டு, நின்ற நிலையிலேயே காயவிடுவதே பலன் தருகிறது. விரல் அகலப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மரம் பிழைத்துவிடும். முழுதாய்க் காய ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம். இடையில் அடியில் வரும் தளிர்களைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கன்றுகளை மழை ஈரத்தில் வேரோடு பிடுங்கிவிடலாம். நீலகிரி, கொடைக்கானல் உச்சிகளில் புல்வெளியை மூடிய சீகை (வாட்டில்) மரமும் வெட்டிய பின் துளிர்க்கக்கூடியது. அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கித் தீச்சூட்டில் கூட்டமாக முளைக்கும் என்பதால், சீகைக்காட்டில் தீ விழுந்தால் அடுத்த மழைக்குள் அங்கே ஆள் இறங்கியாக வேண்டும்.

பூச்சிகளைப் பொறுத்தவரை

இங்கே முதல் வேலை மருந்தடிப்பது அல்ல, அடையாளம் காண்பது. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலைக் காப்புக்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் 2022இல் மஞ்சள் எறும்புகள் பெருகி, கால்நடைகளின் கண்ணைப் பாதித்து மக்களை இடம்பெயரச் செய்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். மஞ்சள் கிறுக்கு எறும்பு எனப்படும் அது, உலகின் மிக மோசமான நூறு ஊடுருவிகள் பட்டியலில் இருக்கும் இனம். அந்தச் செய்தி வந்த நாட்களில், மரத்தில் மஞ்சளாக எது ஊர்ந்தாலும் பூச்சிமருந்து அடிக்கத் தொடங்கினார்கள். பலியானது பெரும்பாலும் முசுறு.

முசுறு நம் மண்ணின் எறும்பு. பச்சை இலைகளைப் பட்டு நூலால் தைத்து மரத்திலேயே கூடு கட்டும். தொட்டால் கடித்துத் தொங்கும். மரத்தின் பூச்சிகளைத் தின்று காவல் செய்யும். கிறுக்கு எறும்பு இலைக்கூடு கட்டுவதில்லை. வேரடியிலும் கல்லடியிலும் சருகுக்குள்ளும் மூங்கில் துளைக்குள்ளும் இருக்கும். நான்கைந்து மில்லிமீட்டர் நீளம். உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்ட காலும் உணர்கொம்பும். வரிசையில் போகாமல், தட்டிவிட்டாற்போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். கடிப்பதில்லை, கொட்டுவதில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். பல அரசிகளோடு எல்லையில்லாத பெருங்கூட்டமாக வாழ்வதால் ஒரு புற்றை அழித்துப் பயனில்லை. மாவுப்பூச்சியும் செதிள் பூச்சியும் சுரக்கும் தேன்பாகுதான் அதன் முக்கியத் தீனி. ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் செந்நண்டுகளை இந்த எறும்பு கொன்று குவித்தபோது, 2016இல் ஒரு நுண்குளவியை விட்டு, எறும்புக்குத் தேன்பாகு தரும் செதிள் பூச்சியைக் குறைப்பதில் இறங்கினார்கள். நாம் செய்யக்கூடியதும் அந்தத் திசையிலேயே இருக்கிறது: தோட்டத்து மரங்களில் மாவுப்பூச்சி பெருகாமல் பார்த்துக்கொள்வதும், எறும்பு இருக்கும் இடத்திலிருந்து நாற்றுப்பை, எரு, மூங்கில், விறகு எதையும் வெளியே கொண்டுபோகாமல் இருப்பதும். டீசலை ஊற்றிப் புற்றைக் கொளுத்தும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். எறும்பு பிழைத்துக்கொள்ளும், காடு பற்றிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் சிலவற்றைச் சிறு குப்பியில் பிடித்து வேளாண் அலுவலரிடமோ வனச்சரகத்திலோ கொடுங்கள்.

மிளகுக் கொடிக்குக் கால் மரமாக நிற்கும் கல்யாண முருங்கையில், இலைக்காம்பும் குருத்தும் கழலைபோல வீங்கி முறுக்கிக்கொண்டிருந்தால் அது கழலைக் குளவியின் வேலை. குளவி ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். நாம் பார்ப்பது அது வெளியேறிய ஊசித் துளையை மட்டுமே. 2005 வாக்கில் தென்னிந்தியாவுக்கு வந்த இந்தக் குளவி பல தோட்டங்களில் இந்த மரத்தை இல்லாமல் செய்துவிட்டது. வீங்கிய கிளைகளைத் துளை விழும் முன் வெட்ட வேண்டும். மழைக்காலமானால் ஈர நிலத்தில் எரிக்கலாம். தை பிறந்துவிட்டால் எரிக்காமல் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் வேகவைத்துப் பிறகு புதைக்கலாம். நோயுற்ற மரத்திலிருந்து போத்து வெட்டி வேறு தோட்டத்துக்குக் கொடுப்பது கூடவே கூடாது.

மருந்தடித்தே தீருவேன் என்பவர்களுக்குப் பப்பாளி மாவுப்பூச்சியின் கதையைச் சொல்வதுண்டு. 2008இல் கோவையில் தென்பட்ட அந்தப் பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது. அடித்த மருந்துகள் மெழுகுப் பூச்சுக்குள் போகாமல் அதைத் தின்னும் இயற்கை எதிரிகளைத்தான் கொன்றன. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த அசிரோபேகஸ் பப்பாயே என்னும் ஒட்டுண்ணிக் குளவியை விட்ட பிறகே அது அடங்கியது. அத்தகைய குளவிகளை நாமே பிடித்துவந்து விட முடியாது. அது ஆய்வு நிறுவனங்களின் பணி. அவை வந்து சேரும்போது பிழைத்திருக்கும்படி மருந்தை நிறுத்தி வைப்பதுதான் நம் பங்கு.

விறகைத் தொலைவிலிருந்து கொண்டுவருவதைத் தவிருங்கள். பட்டைக்கடியில் இருக்கும் வண்டும் புழுவும் நம் கண்ணுக்குத் தெரியாது. துறைமுகச் சரக்கோடு வந்த மரச்சட்டங்களைப் பழைய சாமான் கடையில் மலிவாக வாங்கித் தோட்டத்தில் போடுகிறவர்கள், அதில் கோதுமைக் கதிர் முத்திரையும் ஹெச்.டி. என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்தின் உள்மையம் 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது.

மார்கழியில் கோடு

வடகிழக்கு மழை ஓய்ந்ததும், புல் இன்னும் பாதிப் பச்சையாக இருக்கும்போதே எல்லையைச் சுற்றி ஒருமுறை நடக்க வேண்டும். எங்கே பாதை, எங்கே ஓடை, எங்கே பாறை, எந்த மின்கம்பி கிளையில் உரசுகிறது, எந்த இடத்தில் வழிப்போக்கர்கள் உட்கார்ந்து பீடி பிடிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, இயற்கையாகவே தீயை நிறுத்தக்கூடிய பாதை, பாறை, ஓடை ஆகியவற்றை இணைக்கும்படி, புல்லும் சருகும் நீக்கிய வெற்றுப் பட்டையான தீத்தடுப்புக் கோடு ஒன்றை அமைத்தால் செலவு பாதியாகும்.

வனத்துறை இடத்துக்கு ஏற்பப் பல அகலங்களில் கோடு எடுக்கிறது. நம் நிலத்தில் பக்கத்துப் புல்லின் உயரத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமலும், எப்படியும் 3 மீட்டருக்குக் குறையாமலும் இருக்கட்டும். சரிவில் கீழ்ப்புறம் காடு இருந்தால் அதற்கும் இரு மடங்கு வேண்டும். கோடு என்றால் புல்லை அரிந்துவிடுவது அல்ல. மண் தெரிய வேண்டும். செதுக்கிய புல்லையும் சருகையும் காட்டுப் பக்கம் வரப்புப்போலக் குவிக்காமல் நம் பக்கம் உள்ளே தள்ளிப் பரப்ப வேண்டும். குறுக்கே விழுந்து கிடக்கும் கட்டைகளை நீக்க வேண்டும். கோட்டின்மேல் ஒரு கட்டை கிடந்தால் அது தீக்குப் பாலம்.

தேக்கு இருக்கும் இடங்களில் ஒருமுறை செய்த கோடு போதாது. மார்கழியில் பளிச்சென்று எடுத்த கோடு, தையும் மாசியும் உதிரும் தேக்கிலையால் கணுக்கால் ஆழத்துக்கு மூடிவிடும். முறத்தளவு அகலமுள்ள அந்த இலை காய்ந்தால் மொறுமொறுவென்று நிற்கும், காற்றில் எரிந்துகொண்டே பறக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை பெருக்கியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கோடு எடுத்த கூலிக்கு ரசீது இருந்தது, வரைபடமும் இருந்தது, ஆனாலும் தீ நடந்தே கடந்துபோனது; கோடு இலைக்கு அடியில் இருந்தது.

கோட்டைத் தீ வைத்து எடுப்பதைத் தனியார் செய்யக் கூடாது. காப்புக்காட்டில் தீ வைப்பதும், காட்டுக்குப் பரவும் வகையில் தீயை விட்டுச்செல்வதும் 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். ஆனால் எல்லாத் தீயும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர் பழங்குடியினர் தை மாதத்தை ஒட்டி, சருகில் ஈரம் மிச்சம் இருக்கும்போதே, கணுக்கால் உயரத்தில் ஊர்ந்து அணையும் சிறு தீயை வைத்துவந்தார்கள். தரகு நெருப்பு, அதாவது சருகுத் தீ, எனப்பட்ட அது உண்ணியின் நாற்றுகளையும் ஒட்டுண்ணிகளையும் கட்டுப்படுத்தியது என்பது அவர்களின் கூற்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அது நின்றது, உண்ணி பரவியது. இன்று உண்ணி ஆளை மறைக்கும் காட்டில் அதே தீயை வைத்தால் தரகு நெருப்பாக இருக்காது, பெருந்தீயாகிவிடும். ஆகவே புதரைக் கையால் எடுத்த பிறகே, வனத்துறையும் அந்த அறிவுள்ள முதியவர்களும் கூடி முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

தீக்காலத்தில்

பிப்ரவரி முதல் கோடை மழை நன்றாகப் பிடிக்கும் வரை எல்லையில் கண் வேண்டும். மேல்நீலகிரியில் உறைபனி புல்லைக் கருக்கிவிடுவதால் அங்கே சனவரியிலேயே தொடங்கிவிடும். வெள்ளியங்கிரிக்கும் சதுரகிரிக்கும் பக்தர்கள் மலையேறும் நாட்களில் அடிவார ஊர்க்காரர்கள் கற்பூரம், அடுப்பு, பீடி மூன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு செய்வது நல்லது; சொல்லித் திருத்துவதைவிட வாங்கி வைப்பது எளிது.

இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. அதன் இணையவாசலில் கைபேசி எண்ணைக் கொடுத்து உங்கள் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் குறுஞ்செய்தி வரும். செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவியின் ஒரு புள்ளி 1 கிலோமீட்டர் சதுரம், விர்ஸ் கருவியின் ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரம். செயற்கைக்கோள் மேலே கடக்கும் நேரத்தில் மட்டுமே பார்க்கும். மரக்கூட்டுக்கு அடியில் ஊரும் சிறு தீ அதன் கண்ணுக்குத் தப்பலாம். ஆகவே குறுஞ்செய்தியை நம்பிக் காவலாளை நிறுத்திவிடாதீர்கள்.

வனச்சரக அலுவலகம், பீட் வனக்காவலர், தீத்தடுப்புக் காவலர், பக்கத்துத் தோட்டம் ஆகியவற்றின் எண்களைச் சுவரில் எழுதிவையுங்கள். கைபேசியில் மட்டும் இருந்தால் அது இல்லாதவர் என்ன செய்வார்? பொதுவான அவசர எண் 112, தீயணைப்புக்கு 101. புகையைக் கண்டதும் இடத்தின் பெயர், புகையின் நிறம், காற்று எந்தப் பக்கம், அருகில் ஆள் யார் என்ற நான்கையும் சொன்னால் போதும். வெள்ளைப் புகை பெரும்பாலும் ஈரச்சருகு; கறுத்து உருண்டு எழுந்தால் தீ புதரில் ஏறிவிட்டது.

தீ தெரிந்தபின்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காட்டுத்தீயைப் பற்றி எழுதும் எவரும் அந்தச் சரிவை மறக்கக் கூடாது. தீ மேல்நோக்கி ஓடும். சரிவு 10 டிகிரி கூடும்போது அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆகவே தீக்கு மேலே, புல் சரிவில், ஓடைப் பள்ளத்தின் தலைப்பில் நிற்கவே கூடாது. பள்ளம் புகைக்கூண்டுபோல இழுக்கும். பகலில் காற்று மேல்நோக்கியும் இரவில் கீழ்நோக்கியும் வீசுவதால், மாலை மங்கும் நேரத்தில் தீ திசை மாறும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அணைக்கப் போகிறவர்கள் பருத்தி உடையும் காலணியும் அணிந்து, தலையில் ஈரத்துண்டு கட்டியிருக்க வேண்டும். நைலான் சட்டை உருகித் தோலோடு ஒட்டும். நான்கு பேருக்குக் குறைந்து போக வேண்டாம். ஒருவர் வேலை செய்யாமல் உயரமான, பத்திரமான இடத்தில் நின்று தீயையும் காற்றையும் மட்டும் பார்க்க வேண்டும். அவர் விசிலடித்தால் கேள்வி கேட்காமல் எல்லோரும் முன்பே குறித்த வழியில் விலக வேண்டும். ஏற்கெனவே எரிந்து ஆறிய கரிநிலமே மிகப் பாதுகாப்பான இடம்.

முழங்கால் உயரத்துக்குள் இருக்கும் தீயை மட்டுமே பச்சைத் தழையால் அடிக்கலாம். தழையை ஓங்கி அடித்தால் பொறி பறந்து பின்னால் புதுத் தீ எழும். அமுக்கி, கரிப்பக்கம் நோக்கி இழுக்க வேண்டும். தீ முன்னேறும் தலைக்கு எதிரே நிற்காமல், பின்னால் உள்ள வாலிலிருந்து தொடங்கி இரு விலாவையும் நெருக்கிக்கொண்டு முன்னேற வேண்டும். இடுப்புக்கு மேல் எழுந்தால் அது நம் வேலை அல்ல. பின்வாங்கிக் கோட்டில் நின்று, கடந்துவரும் பொறிகளை மட்டும் அணைப்போம். வரும் தீயை நிறுத்த அதற்கு எதிரே வேண்டுமென்றே மூட்டும் எதிர்த்தீ வைப்பது பயிற்சி பெற்ற வனத்துறையினரின் பொறுப்பு. பாதி தெரிந்தவர் வைத்த எதிர்த்தீ இன்னொரு காட்டுத்தீயாகவே முடியும்.

அணைந்த பிறகு

சுடர் அடங்கியதும் எல்லோரும் வீடு திரும்புவதுதான் வழக்கமான பிழை. பட்டுப்போன மரத்தின் பொந்து, வேர், காய்ந்த யானைச் சாணம் ஆகியவை சுடரின்றி நெடுநேரம் கனிந்துகொண்டிருக்கும். ஒருமுறை இரவு எட்டு மணிக்கு அணைந்துவிட்டதென்று இறங்கிய நாங்கள், மறுநாள் பதினோரு மணிக் காற்றில் அதே இடத்தில் மீண்டும் புகையைப் பார்த்தோம். போய்ப் பார்த்தால், கோட்டுக்கு இரண்டடி உள்ளே இருந்த ஒரு சாண உருண்டை உருண்டு இந்தப் பக்கம் வந்திருந்தது. கரியின் விளிம்பை ஒட்டி, புறங்கையைத் தரைக்கு அருகே வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே சுற்றிவர வேண்டும். சுட்ட இடத்தைக் கொத்திக் கிளறி, மண்ணைப் போட்டு, முடிந்தால் தண்ணீர் ஊற்றிப் பிசைய வேண்டும். சரிவில் உருளக்கூடிய கட்டைகளுக்குக் குறுக்கே குழி வெட்டி நிறுத்த வேண்டும். இரண்டு நாள் காலையும் பிற்பகலும் ஒருவர் போய்ப் பார்த்துவர வேண்டும்.

எரிந்த பரப்பின் எல்லையை அன்றே ஒரு தாளில் வரைந்து, தீ எந்த இடத்தில் மரத்தில் ஏறியது என்று குறித்துவையுங்கள். அங்கே உண்ணி இருந்திருக்கும். இல்லாவிட்டால் காய்ந்த குவியல் இருந்திருக்கும். முதல் மழை பெய்து மூன்று வாரம் கழித்து அந்தத் தாளோடு மீண்டும் போகும்போது, கரிந்த தூரில் சிவந்த தளிரும், சாம்பலில் விரல் உயர நாற்றும் நிற்கும். அந்த உயரத்தில் இரண்டு விரலாலேயே பிடுங்கிவிடலாம். சித்திரையில் விட்டால் ஆடிக்குக் கொத்து வேண்டும்.